கீழே போடத் தெரியாத அக்கா

மூன்று சாத்துக்குடியோடு மொட்டைமாடியில் ஏறிய முதல் நாளே ஒன்று கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் விழுந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலைக்குப் பக்கத்தில் பழம் வந்து விழுந்தால் யாராக இருந்தாலும் அண்ணாந்து பார்த்து ஒரு வார்த்தை திட்டத்தான் செய்வார்கள். அவர் திட்டவில்லை. முதலில் சுளகை இரண்டு கையாலும் தரையில் வைத்தார். ஓர் அரிசிகூடச் சிந்தவில்லை. பிறகு பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்து, எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

“டீச்சர், உங்க பளம்.”

“அங்கனருந்தே தூக்கிப் போட்டிருக்கலாமேக்கா. இதுக்குப் போய்ப் படியேறி வந்தீகளா?”

“தூக்கிப் போடவா?” என்றார், காதில் ஏதோ கெட்ட வார்த்தை விழுந்ததுபோல.

அப்போது எனக்கு ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. விருதுநகரிலிருந்து தினமும் போய்வர முடியாமல் சிவகாசியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தேன். பாடத்தை விளையாட்டாக நடத்துவது எப்படி என்று எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி முகாம் வைத்தார்கள். அதில் சொல்லிக்கொடுக்க வந்தவர், தூக்கக் கலக்கத்தில் இருந்த எங்களை எழுப்புவதற்காக மூன்று பந்துகளை எடுத்து மாற்றி மாற்றி மேலே போட்டுக் காட்டினார். எனக்குத் தூக்கம் போயே போய்விட்டது. சாப்பாட்டு இடைவேளையில் அவரைப் பிடித்துக்கொண்டு அடிப்படை மட்டும் கற்றுக்கொண்டேன். ஒரு பந்தை வலது கையிலிருந்து இடது கைக்குக் கண் உயரத்துக்கு வளைவாகப் போட வேண்டும். அது வந்து சேர்ந்ததும் அங்கிருந்து இங்கே. அது பழகியதும் இரண்டு பந்து. பிறகு மூன்று. கேட்கும்போது ஒன்றுமே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் டிக்கெட்டைக்கூட மேலே போட்டுப் பிடித்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் பந்து கிடைக்காமல்தான் சாத்துக்குடி வாங்கினேன்.

அக்காவை அதற்கு முன்பும் தெருக்குழாயடியில் பார்த்திருக்கிறேன். நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைப்பார். சிமென்டில் வெண்கலக் குடம் வைக்கும் சத்தம் வராது. பூனை இறங்குவதுபோல இறங்கும். பக்கத்தில் யாராவது வாளியை ணங்கென்று வைத்தால் தோள் இரண்டும் தூக்கிப்போடும் அவருக்கு. “பைய, பைய” என்பார். அந்த ஒரு சொல்தான் நாள் முழுக்க அவர் வாயில் இருக்கும். கதவைப் பையச் சாத்து. தம்ளரைப் பைய வை. பஸ் கண்டக்டருக்குச் சில்லறை கொடுப்பதென்றாலும் எட்டி நீட்டமாட்டார், அவர் உள்ளங்கையில் கொண்டுபோய் வைத்து, ஒரு நொடி பொறுத்துத்தான் விரலை எடுப்பார்.

காரணம் இருந்தது. அவர் ஒரு பயர் ஆபீஸில் பல வருஷமாகப் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாலு பக்கமும் வாசல் வைத்த சின்ன ரூம், தரையில் ரப்பர் விரிப்பு, வெறுங்கால். அங்கே எதையும் இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது, முக்கியமாகக் கீழே போடக் கூடாது. அவர் ஒருநாளும் போட்டதில்லை. ஆபீஸில் மட்டுமல்ல, எங்கேயும்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து ஆபீஸைப் பூட்டியிருந்தார்கள். அவருக்கு வேலை இல்லை. அவர் வீட்டுக்காரர் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுபவர். அவர்களுக்கு அதுதான் சீசன், ஆளை வீட்டில் பார்க்கவே முடியாது. ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதனால் இரண்டாவது முறை பழம் விழுந்து எடுத்துக்கொண்டு வந்தபோது அக்கா திரும்பிப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

“என்ன டீச்சர், பளத்த இந்தப் பாடு படுத்துறீக?”

விளக்கினேன். மூன்று பந்து, இரண்டு கை. யோசித்தார்.

“அப்போ எந்நேரமும் ஒண்ணு ஆகாசத்துல இருக்கும்?”

“ஆமாக்கா.”

“யாரும் பிடிக்காம?”

“யாரும் பிடிக்காம.”

அவர் முகத்தில் அப்போது வந்த மாதிரி ஒரு வெளிச்சத்தை என் வகுப்புப் பிள்ளைகளிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். காந்தத்தை முதன்முதலில் காட்டும்போது வரும்.

மறுநாள் காலையில் ஆறு துணிப் பந்துகளோடு வந்துவிட்டார். பழைய சேலைத் துண்டுகளில் தைத்து, உள்ளே புளியங்கொட்டை அடைத்திருந்தார். எனக்கு மூன்று, அவருக்கு மூன்று. “பளம் உருண்டு ஓடுது. இது விளுந்த எடத்துலயே கெடக்கும். அரிசி போடலாம்னு பாத்தேன், திங்கிற பொருளத் தூக்கி எறிய மனசு வரல” என்றார். எல்லாம் ஒரே எடை. வாயைத் தைத்திருந்த நூல் வெளியே தெரியவில்லை.

ஒரு பந்தில் அவர் என்னைவிட மேல். எங்கே வந்தாலும் பிடித்தார். நான் கோணலாக எறிந்ததைக்கூட முட்டிக்குக் கீழே வைத்துப் பிடித்தார். ஆனால் இரண்டாவது பந்தில் வண்டி நின்றுவிட்டது. முதல் பந்து உச்சிக்குப் போகும்போது, எதிர்க்கையில் இருக்கிற இரண்டாவதை மேலே விட வேண்டும். அப்போதுதான் அந்தக் கை காலியாகி முதலாவதைப் பிடிக்கும். அக்கா முதலாவதைப் போடுவார். அது வரும். இடது கை இரண்டாவதை இறுக்கிக்கொண்டே நிற்கும். கடைசி நேரத்தில் அந்தப் பந்தை அவசரமாக வலது கையில் கொண்டுபோய் வைத்துவிட்டு முதலாவதைப் பிடித்துவிடுவார்.

“வைக்கக் கூடாதுக்கா, போடணும்.”

“போட்டேனே.”

“இல்லை. கையில கொண்டுபோய்க் குடுத்தீக.”

“அப்படியா?” என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மறுபடியும் அதையேதான் செய்வார்.

நானும் பெரிய கெட்டிக்காரியாக இல்லை. எனக்கு இரண்டு வந்தது. மூன்றாவதைப் போட்டால் அது எனக்கு எதிர்ப்பக்கமாக ஓடியது, நான் அதன் பின்னால் ஓடினேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேரும் மாடிக்குப் போய்விடுவோம். “விடு, விடு, பிடி, பிடி” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவோம். சுற்று வீட்டு மாடிகளில் துணி எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா ஒருவர், “டீச்சர், இதுக்குத் தனியாச் சம்பளம் உண்டா?” என்று கேட்டுவிட்டு, போகாமல் கடைசிவரை இருந்தார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனாலும் அக்காவின் இடது கை திறக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸில் மெஷின் நின்றதென்று அவர் வீட்டுக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். விரல் இடுக்கெல்லாம் மை. மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்துப் பேசினார். கோபமாகத் தொடங்கியவர் போகப்போகக் கெஞ்சலாகப் பேசினார்.

“டீச்சர், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்கிடாதீக. தூக்கிப் போட்டுப் பளகுன கை ஆபீஸ்ல போய்ச் சும்மா இருக்குமா? ஒரு நிமிசம் கை மறந்துச்சுன்னா என்ன ஆகும்?”

“பந்துதானண்ணே...”

“இவ கை எப்படிப்பட்ட கைன்னு தெரியுமா உங்களுக்கு? ஒருக்கா ரெண்டு ரூம் தள்ளி வெடிச்சு ஓடு பறக்குது. அம்புட்டுப் பேரும் விளுந்தடிச்சு ஓடுறாக. இவ கையில பூச்சட்டித் தட்டு. அதப் பையக் கீள எறக்கி வச்சிட்டு, அப்புறம் வெளிய வந்திருக்கா. போர்மேன் இன்னைக்கும் புதுசா வார பிள்ளைககிட்ட இவளத்தான் சொல்லுவாரு. அந்தக் கையப் போய்க் கெடுக்கீகளே.”

அக்கா தலை குனிந்து நின்றார். வீட்டுக்காரர் இறங்கிப் போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பந்துகளைப் பையில் எடுத்துப் போட்டேன்.

“அது பொய் டீச்சர்” என்றார் அக்கா.

நிமிர்ந்து பார்த்தேன்.

“நான் தட்டக் கீள வைக்கல. தட்டோடதான் ஓடுனேன். பூராவும் மருந்து அடைச்ச பூச்சட்டி. பின்னாடி தீ, கையில மருந்து. கூட வேலை பாத்த பிள்ள, போட்டுட்டு ஓடுக்கா, போட்டுட்டு ஓடுக்கான்னு கத்துறா. கை தொறக்கல டீச்சர். கருவேலங்காட்டுக்குள்ள போய் நின்னப்புறம் அவதான் என் விரல ஒண்ணொண்ணா விரிச்சுத் தட்ட வாங்கி வச்சா. தரையில தட்டு ஒளுங்கா இருக்கத மத்தவுக பாத்துட்டு, நான்தான் வச்சேன்னு சொல்லிட்டாக. நானும் ஆமான்னுட்டேன்.”

வீட்டுக்காரரிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியாது. இரண்டாவது பந்தோடு அவர் பட்ட பாட்டை அத்தனை நாளும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பதாலோ என்னவோ.

எனக்கு முகாமில் அந்தப் பயிற்சியாளர் முதலிலேயே சொல்லி, நான் சிரித்துக்கொண்டே செய்யாமல் விட்ட ஒரு பாடம்தான் ஞாபகம் வந்தது. பையிலிருந்து மறுபடி பந்துகளை எடுத்தேன்.

“இன்னைக்குப் பிடிக்கவே வேண்டாம்க்கா. மேல போடுவோம். விழட்டும். விழுற சத்தத்தை மட்டும் கேப்போம்.”

“சும்மா விளவா?”

“சும்மா விழ.”

போட்டார். பிடித்துவிட்டார். “பிடிக்கக் கூடாதுக்கா” என்றேன். மறுபடி போட்டார், மறுபடி பிடித்தார். போட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கட்டிய கை தானாக முன்னால் வந்து பிடித்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு, பந்தைத் தலைக்கு மேலே வீசிவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

தொப்.

அக்கா துள்ளிப் பின்னால் போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கண்ணை இறுக மூடியிருந்தார். நான் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். சிவப்புத் துணிப் பந்து சிமென்டுத் தரையில் கிடந்தது. புளியங்கொட்டை ஒருபக்கமாகச் சரிந்து, பந்து கொஞ்சம் சப்பையாகியிருந்தது.

“ஒண்ணும் ஆகல” என்றார்.

“ஒண்ணும் ஆகாதுக்கா.”

குனிந்து எடுத்தார். மறுபடி போட்டார். தொப். இந்தத் தடவை காதைப் பொத்தவில்லை. இரண்டு பந்தைப் போட்டார். மூன்றையும் சேர்த்து வீசினார். தொப், தொப், தொப். பிறகு நிறுத்த முடியவில்லை. என் மூன்றையும் பிடுங்கிப் போட்டார். கொடியில் கிடந்த துண்டைப் போட்டார். பிளாஸ்டிக் மக்கைப் போட்டார், அது தடதடவென்று உருண்டு சுவரில் மோதியது. தொட்டி மேலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. “விளட்டும் டீச்சர், விளட்டும்!” என்று கத்தினார். தன் செருப்பைக் கழற்றி ஒன்று ஒன்றாக வானத்தில் எறிந்தார். ஒன்று தெருவில் போய் விழுந்தது. கீழே யாரோ, “ஏலே, எவன்லே அது மாடியில?” என்று சத்தம் போட்டார்கள். இரண்டு பேரும் சுவருக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது சிரிப்பினால் மட்டும் வந்ததல்ல என்று தெரிந்தும் நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பந்து தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. முதலாவது உச்சியில் நிற்கும்போது இரண்டாவது அதற்குக் கீழாகக் குறுக்கே புகுந்து போகும். பார்க்க அத்தனை அழகாக இருக்கும். மூன்று எனக்கு முதலில் வந்தது, அவருக்கு அடுத்த வாரம். வலது கையில் இரண்டு, இடது கையில் ஒன்று. “விடு” என்றார். “விடு” என்றார். மூன்றாவது “விடு” கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. மூன்றும் எதிரெதிர்க் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அக்கா அப்படியே நின்றார். பிறகு தெருவே கேட்கும்படி ஒரு கூச்சல் போட்டார். என் செல்போனை வாங்கி, என்னையே நம்பரைப் போடச் சொல்லி, பிரஸ்ஸுக்குப் பேசினார். மெஷின் சத்தத்தில் அந்தப் பக்கம் அவர் வீட்டுக்காரர் கத்துவது எனக்கே கேட்டது.

“இந்தா, மூணையும் போட்டுட்டேன்!”

“எதப் போட்ட?”

“மூணையும்!”

“எது ஒடஞ்சுச்சு?”

“ஒண்ணும் ஒடையல! மூணையும் போட்டுட்டேன், மூணும் கையில இருக்கு!”

அந்தப் பக்கம் அவர் போனை வைத்துவிட்டார்.

கார்த்திகை முடிவதற்குள் ஆபீஸ் திறந்தார்கள். அன்று காலையில் வேன் வந்து நின்றபோது நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தூக்குவாளியோடு ஏறினார். அன்று பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவுமே ஓடவில்லை. அவர் வீட்டுக்காரர் படியில் நின்று சொன்னதே காதில் இருந்தது. கை மறந்துவிட்டால்? சாயங்காலம் வேன் வருகிற நேரத்துக்கு முன்னாடியே தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டேன். இறங்கியவர் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

“டீச்சர், ரூம் மாறிட்டேன்.”

“என்னக்கா சொல்றீக? மாத்திட்டாகளா?”

“மாத்தல. நான்தான் கேட்டு வாங்குனேன். இனிமே மருந்து ரூமுக்குப் போகல. பெட்டி ஒட்டுற எடத்துக்கு வந்துட்டேன். மெயின் கேட்டுப் பக்கத்துல இருக்கு, அங்கன மருந்தே கெடையாது. போர்மேன் பிடிச்சு வச்சுக் கேட்டாரு, உன்ன மாதிரி கை சுத்தமான ஆள் எனக்கு எங்கன கெடைக்கும், சம்பளமும் கொறையும், திடீர்னு பயந்துட்டியான்னு.”

“நீங்க என்ன சொன்னீக?”

“இத்தன வருசமும் பயந்துதாம்யா இருந்தேன், நம்ம எல்லாரும் அதக் கை சுத்தம்னு சொல்லிக்கிட்டு இருந்தோம்னு சொன்னேன். அந்தத் தட்டு விசயத்தையும் சொல்லிட்டேன். மனுசன் அப்படியே உக்காந்துட்டாரு.”

சொல்லிவிட்டுத் தூக்குவாளியைத் திண்டில் வைத்தார். டொக்கென்று சத்தம் கேட்டது. அவர் கவனிக்கவில்லை.

வீட்டுக்காரரிடமும் அன்றே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாள் அவர் பிரஸ்ஸே கதியென்று கிடந்தார். பிறகு ஒருநாள் அக்கா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்: மனிதர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருந்தாராம், மை போன பிறகும் கழுவினாராம். கடைசியில், “அந்தப் பெட்டி ரூம், மருந்து ரூம்ல இருந்து எம்புட்டுத் தூரம்?” என்று கேட்டாராம். காடு தாண்டி இருக்கிறது என்று இவர் சொன்னதும், “சரி, காப்பி போடு” என்றாராம். “கல்யாணமான நாள்லருந்து அவரு இவ்வளவு ருசிச்சுக் காப்பி குடிச்சு நான் பாத்ததே இல்ல டீச்சர்” என்றார் அக்கா.

காணும் பொங்கலன்று ஆனைக்குட்டம் அணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கரை முழுக்கக் கூட்டம். கரும்பு, முறுக்கு, புளியோதரை, பலூன்காரர்கள். சாப்பிட்டு முடித்ததும் அக்கா வயர்க்கூடைக்குள் கையை விட்டு மூன்று பந்துகளையும் எடுத்தார். வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“இங்கனயேவா?”

“இங்கனதான்.”

எழுந்து நின்று சேலையைச் செருகிக்கொண்டார். போட்டார். முதல் சுற்று விழுந்தது. பலூன் வாங்க நின்ற பெண்கள் சிரித்தார்கள். எடுத்து மறுபடி போட்டார். இந்த முறை நின்றது. ஒன்று போகும்போது ஒன்று, அது போகும்போது இன்னொன்று, சிவப்பு, பச்சை, ஊதா என்று நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மாடியில் அவரோ நானோ ஒருநாளும் இவ்வளவு நேரம் போட்டதில்லை. சிரித்த பெண்களே கை தட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரையும்போல அக்காவின் பந்துகளும் கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கமாக விழ, அவற்றைப் பிடிக்க அவர் ஒவ்வோர் அடியாக நடக்கத் தொடங்கிவிட்டார். கண் மேலேயே இருந்தது. எதிரே தண்ணீர்.

“ஏத்தா, தண்ணி! தண்ணி!” என்று வீட்டுக்காரர் பாய்ந்து முன்னால் போய் நின்றார். பந்தைத் தட்டிவிட மனசு வரவில்லைபோல. இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, அக்காவைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தார். அக்கா போட்டுக்கொண்டே வந்தார். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டே கூட ஓடினார்கள். நானும் ஓடினேன். வீட்டுக்காரரின் கால் தண்ணீரில் இறங்கியது. முட்டிவரை வேட்டி நனைந்த பிறகுதான் அக்கா அவர் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றார். ஒரு பந்து அவர் தலையில் விழுந்தது, ஒன்று தண்ணீரில், ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஒரு பையன் தண்ணீரில் விழுந்ததை எடுத்துக் கொடுத்தான். இன்னொன்றைக் கரும்புக்காரர் தூக்கிப் போட்டார். வீட்டுக்காரர் மூன்றையும் வாங்கி, ஈரப் பந்தை வேட்டியிலேயே பிழிந்து, அக்காவின் கையில் கொடுத்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

“இன்னொருக்காப் போடு” என்றார். “இந்தத் தடவ ரோட்டுப் பக்கமா பாத்து நில்லு.”